ஒரிஜினல் பார்ட்ஸ் என்னும் மூடநம்பிக்கை

பழைய சைக்கிளைப் "பழையபடி" ஆக்குகிறேன் என்று கிளம்பியிருக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கணும். எந்தப் பழையபடி?

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ராலே, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர் என்று நம் தாத்தாக்கள் ஓட்டிய இங்கிலாந்து சைக்கிள்களுக்கு இப்போது மவுசு. ஊர் ஊராகப் போய் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அதில் "பிற்காலத்தில் சேர்ந்த" எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். சைக்கிள் 1948 மாடல் என்றால் பெல், விளக்கு, சீட், பெடல் எல்லாமே 1948 இங்கிலாந்தாக இருக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே 1955-லிருந்து ஒரு பழைய சைக்கிள் சங்கம் இருக்கிறது. இத்தாலியில் கயோலே என்ற ஊரில் 1997-லிருந்து "எரோய்கா" என்று ஒரு சவாரி நடக்கிறது. அதில் 1987-க்கு முந்தைய ரோடு சைக்கிளில்தான் கலந்துகொள்ள முடியும், கியர் லீவர் ஃபிரேம் குழாயில் இருக்கணும், பிரேக் கேபிள் வெளியே தெரியணும் என்றெல்லாம் விதிகள். அவர்கள் ஊர், அவர்கள் சைக்கிள், அவர்கள் விதி. நல்லா இருக்கட்டும்.

நம்ம ஆட்கள் அந்த விதியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தூத்துக்குடி சைக்கிள் மேல் வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை.

சமீபத்தில் ஒரு ராலேயைப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டிலிருந்து வாங்கியது. வாங்கும்போது எடுத்த போட்டோவையும் காட்டினார்கள். பின்னால் பட்டை இரும்பில் வெல்டிங் செய்த பெரிய கேரியர், அதற்குத் தோதாகக் கனமான இரட்டைக் கால் ஸ்டாண்டு, பாரில் ஒரு சின்னக் குழந்தை சீட், லூதியானா பெடல், உள்ளூர் டைனமோ, முன் ஃபோர்க்கில் கம்பியால் கட்டிய நகராட்சி லைசென்ஸ் வில்லை. இப்போது அவை ஒன்றும் இல்லை. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட், தங்கக்கோடு, கப்பலில் வரவழைத்த தோல் சீட், இங்கிலாந்து விளக்கு. "இப்பதான் ஒரிஜினல்" என்றார் சொந்தக்காரர். கேரியர் எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போட்டாச்சாம்.

அந்த மனிதர் செலவழித்த உழைப்பை நான் கேலி செய்யவில்லை. இது சுலபமான வேலையே இல்லை. உலகமே அங்குலத்துக்கு 24 மரை வைத்துக் கப்பு செய்துகொண்டிருந்தபோது ராலே மட்டும் தனி வழியில் 26 மரை வைத்தது. பெடல் அச்சு உட்காரும் கப்பிலும், ஹேண்டில் பார் திரும்பும் இடத்திலும் வேறு கம்பெனி சாமான் ஏறாது. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, உள்பக்கமாக வந்து பிடிக்கும். அதற்கேற்ற வளைவு உள்ள ரிம்தான் வேண்டும். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, தேடி, பொருத்தி ஓட வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். சைக்கிளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து ரெஸ்டாரண்ட் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறவர்களைவிட ஆயிரம் மடங்கு மேல். அதனால்தான் இவர்களோடு வாதாடுகிறேன். சுவரில் மாட்டுகிறவர்களோடு பேச என்ன இருக்கிறது?

முதலில் அவர்கள் வழிக்கே வருகிறேன். "அந்தக் காலத்துக்குப் பொருத்தமான பார்ட்ஸ்" என்பதுதானே விதி? சரி, கணக்குப் பார்ப்போம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா சைக்கிள் தொழிலுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, இறக்குமதியை இறுக்கியது. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. வங்காளத்தில் ஆசன்சோலில் அதே காலகட்டத்தில் சென்-ராலே. சோனிபட்டில் 1951-ல் அட்லஸ். லூதியானாவில் 1956-ல் ஹீரோ. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, அத்தியாவசியம் இல்லாத இறக்குமதிக்கெல்லாம் கதவு அடைபட்டது.

இப்போது சொல்லுங்கள். 1948-ல் இங்கே வந்து இறங்கிய ஒரு ராலேயின் பெடல் 1962-ல் தேய்ந்து போகிறது. சொந்தக்காரர் என்ன செய்திருப்பார்? நாட்டிங்காமுக்குக் கடிதம் போட்டிருப்பாரா? பக்கத்துக் கடையில் லூதியானா பெடல் வாங்கி மாட்டியிருப்பார். ஆக, 1962-ல் தூத்துக்குடியில் ஓடிய ஒரு ராலேக்குக் காலப் பொருத்தமான பெடல் லூதியானா பெடல்தான். நீங்கள் கப்பலில் வரவழைத்த இங்கிலாந்து பெடல், இந்தத் தெருவில் இருந்திருக்க வாய்ப்பே குறைவான சாமான். உங்கள் விதிப்படியே நீங்கள் ஃபெயில்.

"ஃபேக்டரியிலிருந்து வந்த அன்றைய நிலைதான் ஒரிஜினல்" என்று உடனே கட்சி மாறுவார்கள். சரி, அந்த ஃபேக்டரியையும் பார்த்துவிடலாம். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்த முத்திரையோடு வந்த பி.எஸ்.ஏ., துப்பாக்கிக் கம்பெனியாக ஆரம்பித்தது. 1957-ல் தன் சைக்கிள் பிரிவை ராலேக்கு விற்றுவிட்டது. ஹெர்குலிஸும் பிலிப்ஸும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கையில் இருந்தன. 1960-ல் ராலேயும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்தது. அதாவது 1960-க்குப் பிறகு, தாத்தாக்கள் டீக்கடையில் "ராலேதான் உசத்தி, இல்லை ஹெர்குலிஸ்தான்" என்று அடித்துக்கொண்ட கம்பெனிகள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிறந்த வீட்டிலேயே பெயர் மட்டும் வேறு, சமையல் ஒன்று என்று ஆகிவிட்டது. நாட்டிங்காம் ஃபேக்டரியும் 2002-ல் மூடப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு "தூய்மை"க்காகத்தான் நம்ம ஊர் கேரியரை எடைக்குப் போடுகிறோம்.

எனக்கு இதில் இன்னொரு கோபமும் உண்டு. இது எந்த ஊர்? 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கிய ஊர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலுக்குப் போட்டியாக வ.உ.சி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அந்த காலியா, லாவோ இரண்டும் இங்கே கட்டியவை இல்லை. வெளிநாட்டில் கட்டியவை, விலை கொடுத்து வாங்கியவை. ஆனால் யாராவது அவற்றை அந்நியக் கப்பல் என்கிறோமா? பங்கு போட்டவர்கள் யார், ஏறிப் போனவர்கள் யார், அதற்காக ஜெயிலுக்குப் போனவர் யார் என்று பார்த்துத்தான் சுதேசிக் கப்பல் என்கிறோம். கப்பலுக்கு ஒரு நியாயம், சைக்கிளுக்கு ஒரு நியாயமா? பர்மிங்காமில் செய்த சைக்கிள், உப்பளத்துக்கும் வீட்டுக்கும் நாற்பது வருஷம் ஓடினால் அது தூத்துக்குடி சைக்கிள்தான். அதை மறுபடி இங்கிலாந்து சைக்கிள் ஆக்குவதற்கு நீங்கள் ஏன் இவ்வளவு பாடுபடணும்?

கப்பல் வேண்டாம் என்றால் தோணியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரையில் தோணி கட்டியவர்கள், பலகை அழுகினால் அந்தப் பலகையை மாற்றினார்கள். பாய் கிழிந்தால் புதுப் பாய். பிற்பாடு டீசல் எஞ்சினும் வைத்தார்கள். சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணியைப் பார்த்து, "இதில் பாதிப் பலகை புதுசு, இது அந்தத் தோணி இல்லை" என்று எந்தத் தண்டலும் சொன்னதில்லை. பழுது பார்ப்பதுதான் தோணி உயிரோடு இருப்பதற்கு அடையாளம். எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் இந்த விவாதத்தையே சொன்னேன். அவர் ரிம் பெண்டு எடுப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "என்னத்த ஒரிஜினல்ங்கிய தம்பி? ஓடுத வண்டி எல்லாம் ஒரிஜினல்தான்."

சரி, பழுது பார்த்த சாமானை விடுங்கள். கூடுதலாகச் சேர்த்ததை ஏன் காப்பாற்றணும் என்று கேட்கலாம். ஏனென்றால் அதில்தான் கதையே இருக்கிறது.

கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேக்டரி கொடுத்த கேரியர், ஆபீஸ் போகிறவர் டிபன் பாக்ஸுக்குப் போதும். மீன் கூடைக்குப் போதாது. ஐஸ் போட்ட மீன் கூடையை வைத்துக் கட்டி, கடற்கரையிலிருந்து உள்ளூர்த் தெருக்கள் வரை மிதித்துப் போக வேண்டுமானால் அகலமான கேரியர் வேண்டும். அவ்வளவு எடையோடு வண்டியை நிறுத்திச் சில்லறை எண்ண வேண்டுமானால் சாயாத ஸ்டாண்டு வேண்டும். யாரோ ஒரு வெல்டிங் கடைக்காரர் அளவெடுத்து, இரும்பு வெட்டி அதைச் செய்தார். அதற்குக் கேட்லாக் கிடையாது, பேட்டன்ட் கிடையாது, அடுத்த பிரதியும் கிடையாது. நாட்டிங்காம் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய பாகத்தைத் தேடி உலகம் முழுக்க அலைகிறோம். உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக இருக்கும் பாகத்தை எடைக்குப் போடுகிறோம். இதற்குப் பெயர் ரெஸ்டொரேஷன்!

குழந்தை சீட்டைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறியவர்களும் உண்டு. சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. காரணம் அந்த நடு பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். சைக்கிள் டிசைன் செய்தவன் ஆணுக்கு என்று வைத்த குழாய், இங்கே ஒரு தாய்க்குப் பயன்பட்டிருக்கிறது. எந்த இங்கிலாந்து கேட்லாக்கிலும் இந்தச் சங்கதி இருக்காது. பாரில் மாட்டிய அந்தத் தம்மாத்துண்டு சீட்டில்தான் இருக்கும்.

லைசென்ஸ் வில்லையும் அப்படித்தான். சைக்கிளுக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டிய காலம் ஒன்று இருந்தது. வில்லை இல்லை என்றாலோ, ராத்திரி விளக்கு இல்லை என்றாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ் பிடிக்கும். நம் சைக்கிளில் வருஷமும் ஊரும் சந்தேகமில்லாமல் பதிந்திருக்கும் ஒரே பாகம் அதுதான். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பில் அடித்திருக்கும் வருஷத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர்கள், இந்த வில்லையைத் துருப்பிடித்த தகரம் என்று பிய்த்துப் போடுகிறார்கள். ஹப் எப்போது இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது என்று சொல்லும். வில்லை, சைக்கிள் எப்போது நம்மோடு இருந்தது என்று சொல்லும்.

மூன்று ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும்.

ஒன்று, "எல்லாவற்றையும் அப்படியே விட்டால் அது துருப்பிடித்த குப்பை, அதில் எப்படி ஓட்டுவது?" அப்படியே விடச் சொல்லவில்லை. டயர், ட்யூப், பிரேக் கட்டை, செயின், பால்ரஸ், காட்டர் பின் எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை. மாற்றுங்கள். நல்லவேளையாக, வெளிநாட்டுக்காரர்கள் தேடித் திரியும் 28 க்கு 1½ டயர் நம் நாட்டில் இன்னும் தயாராகிறது. உயிரோடு விளையாட வேண்டாம். விரிசல் விட்ட ஃபோர்க்கை வரலாறு என்று வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

இரண்டு, "அபூர்வமான சைக்கிள் என்றால்?" நியாயமான கேள்வி. ஜமீன் வீட்டில் வாங்கி, நாலு நாள் ஓட்டி, கூரை மேல் போட்டு மறந்த சைக்கிள் என்றால் ஃபேக்டரி நிலைக்கே கொண்டு போங்கள். அதற்கு வேறு வாழ்க்கை இல்லை. என் சண்டை உழைத்த சைக்கிள்களுக்காக மட்டும்.

மூன்று, "என் காசு, என் சைக்கிள்." ஆமாம். சட்டப்படி உங்களுடையதுதான். நீங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கிழித்துக் காகிதக் கப்பல் விட்டாலும் அது உங்களுடையதுதான். அதைச் செய்துவிட்டு "வரலாற்றைக் காப்பாற்றினேன்" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

இனி பெயிண்டுக்கும் முலாமுக்கும் வருவோம். உப்புக் காற்றில் வாழ்கிற நமக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. அந்தக் கால பிரிட்டிஷ் கம்பெனிகள் சில, கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் இரும்புக்குத் துருப்பிடிக்காத பாஸ்பேட் பூச்சு கொடுத்திருந்தன. நீங்கள் சாண்ட் பிளாஸ்டிங் செய்யும்போது பெயிண்டோடு அதுவும் போகும். மேலே பவுடர் கோட்டிங் அடித்தால் பார்க்க ஜோராக இருக்கும். ஒரு கீறல் விழுந்தால், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போய் உட்காரும். வெளியே பளபள, உள்ளே பொலபொல. குரோமும் இதே கதைதான். இரும்பைக் காப்பாற்றுவது பெரும்பாலும் குரோம் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். குறைந்த காசுக்கு முலாம் போடும் இடத்தில் நிக்கலைக் கஞ்சத்தனமாகப் பூசி, மேலே குரோமைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போதும். பழைய பெயிண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துருவை மட்டும் எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால், அசிங்கமாக இருந்தாலும் அது பிழைக்கும். கடலோரத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இதைத்தானே செய்தார்கள்?

இதில் காசு சம்பந்தப்பட்ட ஒரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. சைக்கிளை விற்றவருக்குக் கிடைப்பது பழைய இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூட. மெருகேற்றிய பிறகு அது விற்கும் விலை பல மடங்கு. நடுவில் சேர்ந்த மதிப்பு எது? "இங்கிலாந்து" என்ற பெயர். கழற்றி எறியப்பட்டது எது? அந்த மனிதரின் நாற்பது வருஷ உழைப்பு இருந்த பாகங்கள். அவருடைய வாழ்க்கையை நீக்கினால்தான் விலை ஏறும் என்றால், அந்த ரசனையில் ஏதோ கோளாறு இருக்கிறது.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதும் இல்லை. முத்துக்குளிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 1955-லிருந்து 1961 வரை நடந்ததுதான் இங்கே கடைசி வரிசை. எந்தப் பாரில் எத்தனை சிப்பி, ஏலத்தில் என்ன விலை என்று அரசாங்கக் கணக்கு கிடைக்கும். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. முத்துக்குக் கணக்கு இருந்தது, முழுகியவருக்கு இல்லை. சைக்கிள் விஷயத்திலும் அதையே நாம் கையால் செய்துகொண்டிருக்கிறோம். ஃபிரேம் நம்பரை எழுதி வைக்கிறோம், ஓட்டியவர் பெயரைக் கேட்பதில்லை.

சும்மா திட்டிவிட்டுப் போகாமல், என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். வாங்கும்போதே சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுங்கள். விற்பவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். யார் வாங்கியது, எங்கே வேலை, எதை ஏற்றினார்கள், எந்தப் பாகத்தை யார் செய்து கொடுத்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபேக்டரி வருஷத்தை விட்டுவிட்டு, அது அதிகமாக உழைத்த வருஷத்தைக் குறிவைத்து அந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு லூதியானா பார்ட்ஸ் போதும். கட்டாயம் கழற்றியே ஆக வேண்டியதைச் சாக்கில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டி, சைக்கிளோடு வையுங்கள். நாளைக்கு வேறொருவர் உங்கள் முடிவை மாற்ற நினைத்தால் அதற்கு வழி இருக்கணும். வேலையை உங்கள் ஊர் சைக்கிள் கடையில் கொடுங்கள். 40 கம்பிச் சக்கரத்தைக் கையால் கோர்த்து, காதால் கேட்டு இறுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாடகை சைக்கிளும் போய், ஓவராயிலிங்கும் குறைந்து, பஞ்சர் மட்டும் பார்த்துப் பிழைக்கிறார்கள். இங்கிலாந்து பெல்லுக்குக் கொடுக்கும் காசில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தால், காப்பாற்ற வேண்டிய இன்னொரு பழைய சங்கதியும் பிழைக்கும்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாடு அரசு 2001-02-ல் மாணவிகளில் ஒரு பிரிவினருக்கு ஆரம்பித்து, பிறகு பிளஸ் ஒன் படிக்கும் மாணவர்கள் வரை கொடுத்துவரும் இலவச சைக்கிள்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அதை யாரும் சீந்துவதில்லை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அதற்கும் ஒரு ரசிகர் கூட்டம் வரும். அதில் ஒருத்தி ஒட்டிய ஸ்டிக்கர், அவள் அப்பா மாட்டிக் கொடுத்த கேரியர், தம்பி உட்கார்ந்து வளைந்துபோன மட்கார்டு எல்லாம் இருக்கும். அன்றைக்கு ஒரு கெட்டிக்காரர் வந்து, "இதெல்லாம் பிற்காலச் சேர்க்கை" என்று கழற்றி எறிந்துவிட்டு, ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கி வைத்தால், அந்த சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போன பெண்ணைப் பற்றி அது என்ன சொல்லும்?

ஒன்றும் சொல்லாது. உங்கள் ராலே இப்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறதே, அதே மாதிரி நிற்கும்.